ஆளாவது எப்போது? தமிழ்நாட்டில் இளமையைக் கடப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் படிப்பை முடித்தவர்களும் அவர்களுடைய பெற்றோரும் ஆசிரியர்களும் பல இடங்களில் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. விடைகள் தமிழ்நாட்டைப் பற்றியவை. சட்டம் சொல்லும் வயது எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும்போது, அந்த வயதை எட்டுகிறவர்களின் வாழ்க்கை ஏன் இத்தனை வேறாக இருக்கிறது என்பதுதான் பெரும்பாலான கேள்விகளுக்கு அடியில் கிடக்கும் கேள்வி.

சட்டப்படி ஒருவர் எந்த வயதில் வளர்ந்தவர் ஆகிறார்?

1875 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இந்திய முதிர்வயதுச் சட்டப்படி 18 வயது நிறைந்தவர் 'மேஜர்'. ஒப்பந்தம் போடுவதும் சொத்தை விற்பதும் அதன் பிறகே அவருடைய சொந்தக் கையெழுத்தில் நடக்கும். வாக்குரிமை வயது 21 இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது 1989 இல். ஆனால் 18 என்ற எண் எல்லாக் கதவுகளையும் திறப்பதில்லை. திருமண வயது பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. ஊராட்சித் தேர்தலில் நிற்க 21 ஆக வேண்டும், சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் நிற்க 25 ஆக வேண்டும். கொடுங்குற்றம் சாட்டப்பட்ட 16 வயதுச் சிறுவனை, உரிய ஆய்வுக்குப் பின், வளர்ந்தவரைப் போலவே விசாரிக்க 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இடம் தருகிறது. மதுக்கடையில் 21 நிறையாதவருக்கு விற்கக் கூடாது. இந்தக் கடைசி விதி எப்படிக் கடைப்பிடிக்கப்படுகிறது என்பதை வாசகரின் பார்வைக்கே விட்டுவிடலாம்.

இந்த எண்களில் அதிகம் பேசப்படாதது 14. கட்டாயக் கல்வி உரிமை 6 முதல் 14 வயது வரைதான். குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற விலக்குகள் போக, 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பது குற்றம். 2016 ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களில் மட்டுமே தடை. ஆக, 14 க்கும் 18 க்கும் நடுவே நான்கு ஆண்டுகள், பள்ளிக்குப் போயே ஆக வேண்டும் என்று சொல்ல ஆளில்லை, வேலைக்குப் போகக் கூடாது என்று முழுதாகத் தடுக்கவும் ஆளில்லை. வசதியுள்ள வீட்டில் அந்த நான்கு ஆண்டுகள் பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவு எடுப்பது என்ற கவலையில் கழிகின்றன. கூலி வேலை செய்யும் வீட்டில் அதே ஆண்டுகளில் ஒரு பிள்ளை முழுச் சம்பளக்காரர் ஆகிவிடுகிறார்.

'ஆளாகிவிட்டாள்' என்பதும் 'ஆளாகிவிட்டான்' என்பதும் ஒரே பொருள் தருபவையா?

இல்லை. இந்தப் பொருளின் சாரமே அந்த வேறுபாட்டில் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒரு பெண்ணைப் பற்றி 'ஆளாகிவிட்டாள்', 'பெரிய மனுஷி ஆகிவிட்டாள்', 'வயசுக்கு வந்துவிட்டாள்' என்றால் அவளுக்கு முதல் மாதவிலக்கு வந்துவிட்டது என்று பொருள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோ வயதிருக்கலாம், ஏழாம் வகுப்புப் புத்தகப் பை தோளில் இருக்கலாம். ஒரு பையனைப் பற்றி 'ஆளாகிவிட்டான்' என்றால் அவன் சம்பாதிக்கத் தொடங்கிவிட்டான் என்று பொருள். 'உன்னைப் படிக்க வைத்து ஆளாக்கினேன்' என்று தாய் மகனிடம் சொல்கிறார். மகளிடம் அந்த வினைச்சொல்லை அதே பொருளில் சொல்லும் தாய்மார் அண்மைக் காலத்தில்தான் பெருகியிருக்கிறார்கள். பெண்ணை உடலும் ஆணைச் சம்பளமும் ஆளாக்கும் என்று மொழியே வகுத்து வைத்திருக்கிறது. முதலாவது கேட்காமல் வருவது. இரண்டாவது கேட்டாலும் வராமல் போகக்கூடியது.

பழைய இலக்கண மரபில் பெண்ணுக்குப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழு பருவங்கள் எண்ணப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் வயதெல்லையும் சொல்லப்பட்டது. அந்தக் கணக்கு நாற்பதோடு நின்றுவிடுகிறது.

மஞ்சள் நீராட்டு விழாவைக் கைவிட வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று விடை சொல்வது எளிது, பயன் குறைவு. சடங்கில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்கலாம். பெண் சில நாள்கள் தனியே அமர்த்தப்படுகிறாள். தட்டும் தம்ளரும் பாயும் தனி. பல ஊர்களில் தாய்மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்டித் தருகிறார். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் தரப்படுகின்றன. குறித்த நாளில் நீராட்டி, மாமன் கொண்டுவந்த பட்டுச் சேலையைக் கட்டிச் சபையில் அமர்த்துகிறார்கள். பிரித்து வைத்தல், இடைநிலையில் நிறுத்தல், புதிய நிலையில் மீண்டும் சேர்த்தல் என்று மானுடவியலாளர் ஆர்னால்ட் வான் கெனப் 1909 இல், ஒரு வாழ்க்கை நிலையிலிருந்து இன்னொன்றுக்குக் கடக்கும் உலகெங்கும் உள்ள சடங்குகளுக்குச் சொன்ன மூன்று படிகளும் இதில் வரிசை பிசகாமல் இருக்கின்றன.

அதே சமயம் இது ஒரு பொருளாதார நிகழ்ச்சி. தாய்மாமன் சீர் இரு குடும்பங்களின் கணக்கைப் புதுப்பிக்கிறது. முன்பு எழுதிய மொய் திரும்பி வருகிறது. பத்து ஆண்டுகளாக ஊரார் வீட்டு விசேஷங்களில் மொய் எழுதிய தகப்பனிடம், மகள் கூச்சப்படுகிறாள், விழா வேண்டாம் என்றால், அவர் மொய் நோட்டைத்தான் எடுத்துக் காட்டுவார். யாழ்ப்பாணத்தில் இதையே சாமத்தியச் சடங்கு என்பார்கள். புலம்பெயர்ந்து டொரண்டோவிலும் லண்டனிலும் வாழும் குடும்பங்கள் அதைத் திருமணத்துக்கு நிகரான மண்டப விழாவாக நடத்துகின்றன. தாங்கள் யார் என்று தங்களுக்கே சொல்லிக்கொள்ளும் அடையாளமாக அது அங்கே மாறியிருக்கிறது.

தன் உடலைப் பற்றிய செய்தியை முச்சந்திப் பதாகையில் காணும் சிறுமியின் கூச்சம் சிறியதல்ல. எனினும் விழாவைவிட விழா முடிந்த மறுவாரம்தான் முக்கியம் என்பேன். அவள் பழைய பேருந்தில் பழைய பள்ளிக்குப் போகிறாளா, அல்லது 'இனி டியூஷன் வேண்டாம், சைக்கிள் வேண்டாம், மாமன் மகன் இருக்கிறான்' என்ற பேச்சு தொடங்குகிறதா? 2019-21 ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 20 முதல் 24 வயதுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 12.8 விழுக்காட்டினர் 18 நிறையும் முன் மணமானவர்கள். இந்திய அளவில் அது 23.3 விழுக்காடு. பாதிதான் என்று ஆறுதல் கொள்ளலாம். எட்டுப் பெண்களில் ஒருவர் என்றும் அதைப் படிக்கலாம்.

அப்படியானால் ஆண்களுக்கு இந்தப் பருவத்தைக் கடப்பது எளிதுதானே?

ஆணுக்குச் சடங்கு இல்லை, ஆகவே முடிவு நாளும் இல்லை. பெண்ணை ஒரே நாளில் பெரிய மனுஷி என்று அறிவிக்கும் ஊர், ஆணைப் பார்த்துப் பல ஆண்டுகளுக்கு ஒரே கேள்வியைக் கேட்கிறது: 'செட்டில் ஆயிட்டியா?' அந்த ஆங்கிலச் சொல் தமிழில் வேலை, வீடு, கல்யாணம் மூன்றையும் ஒருசேரக் குறிக்கிறது. மூத்த மகன் என்றால் தங்கையைக் கட்டிக்கொடுப்பதும் அதில் அடக்கம். ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கங்களில் இருபது வயதில் வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போகிற பையன், தன் அறையில் நால்வரோடு படுத்துறங்கிக்கொண்டே ஊரில் வீடு கட்டுகிறான். அவன் ஆளாகிவிட்டான் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள், அவனைத் தவிர.

மறுபுறம் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். 2024 ஜூன் 9 அன்று நடந்த தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்கு, முதலில் அறிவிக்கப்பட்ட 6,244 இடங்களுக்காக, 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். பத்தாம் வகுப்புத் தகுதி போதுமான அந்தத் தேர்வுக்குப் பொறியியல் பட்டதாரிகளும் படிக்கிறார்கள். மாவட்ட மைய நூலகங்களின் போட்டித் தேர்வுப் பகுதியில் காலை எட்டு மணிக்கே இடம்பிடித்து உட்காரும் இருபத்தேழு, இருபத்தெட்டு வயதினரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சட்டம் அவர்களுக்கு எல்லா உரிமையையும் கொடுத்துப் பத்தாண்டு ஆகிறது. வீட்டில் பேருந்துக் காசு கேட்கும்போது அந்தப் பத்தாண்டும் மறைந்துவிடுகிறது. இதில் பெண்களும் ஏராளம், ஆனால் அவர்களுக்குக் காத்திருக்கும் காலம் குறைவாகவே அளக்கப்படுகிறது: 'இந்தத் தடவை எழுது, இல்லையென்றால் வரன் பார்த்துவிடலாம்.'

இருபதுகளைத் தேடலின் பருவம் என்று உளவியலாளர்கள் சொல்கிறார்களே, அது நமக்குப் பொருந்துமா?

அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000 இல் இந்தக் கருத்தை முன்வைத்தார். 18 க்கும் 25 க்கும் இடைப்பட்ட ஆண்டுகள் விடலைப் பருவமும் அல்ல, முழு முதிர்ச்சியும் அல்ல. வேலையையும் காதலையும் உலகப் பார்வையையும் சோதித்துப் பார்க்கும் தனிப் பருவம் என்றார். திருமணமும் நிலையான வேலையும் தள்ளிப்போன தொழில்மயச் சமூகங்களைப் பார்த்துச் சொன்ன கருத்து அது. கல்லூரிக்குப் போகாத, போக முடியாத இளைஞர்களை அது மறந்துவிட்டது என்ற விமர்சனம் அவருடைய நாட்டிலேயே எழுந்தது.

நம்மிடம் அந்தப் பருவம் இருக்கிறது, ஆனால் சிலருக்கு மட்டும். சென்னையில் ஒரு தேர்வில் தோற்ற மகனை ஓராண்டு வீட்டில் வைத்து மீண்டும் பயிற்சிக்கு அனுப்பும் குடும்பம், அவனுக்கு ஓராண்டு இளமையை வாங்கித் தருகிறது. அதே பத்தொன்பது வயதில் திருப்பூர் பனியன் நிறுவனத்தில் 'செக்கிங்' மேசைக்கு முன் நிற்கும் பெண், தம்பியின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுகிறாள். முதலாமவன் தன்னைத் தேடுகிறான் என்றும் இரண்டாமவள் முதிர்ச்சி அடைந்துவிட்டாள் என்றும் சொல்வதில் ஒரு கண்கட்டு இருக்கிறது. பணமும் சாதியும் பாலினமும் பங்கு போட்டுக்கொள்ளும் பொருள்களில் காலமும் ஒன்று: வளர்வதற்கும் தவறு செய்வதற்கும் திரும்பி வருவதற்கும் உரிய கால அவகாசம்.

மில் விடுதிகளுக்குப் போன பெண்களைப் பற்றிப் பேசுவது ஏன்?

ஏழ்மையும் பண்பாடும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒரு பருவத்தையே எப்படி வடிவமைக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று நம்மிடம் இல்லை. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளில் 1990 களின் பிற்பகுதியிலிருந்து பரவிய ஏற்பாடு அது. தரகர்கள் வறண்ட மாவட்டங்களின் ஊர்களுக்குப் போய், பதின்வயதுப் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்துக்கு அழைத்தார்கள். விடுதியும் சாப்பாடும் உண்டு, மூன்றாண்டு முடிவில் மொத்தமாக முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று ஒரு தொகை கையில் வரும். அந்தத் தொகை எதற்கு என்பதைப் பெயரே சொல்லியது: சுமங்கலித் திட்டம், மாங்கல்யத் திட்டம். உழைப்பைச் சம்பளம் என்று சொல்லாமல் தாலி என்று சொன்னதால்தான் பெற்றோர் சம்மதித்தார்கள். விடுதியின் பூட்டிய கதவு அவர்களுக்குச் சிறையாகத் தெரியவில்லை. மகளின் பெயருக்குக் காவலாகத் தெரிந்தது.

அங்கே போனவர்களில் பெரும் பகுதியினர் தலித், மிகவும் பிற்படுத்தப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பஞ்சுத் தூசியும் இரவு ஷிஃப்டும் உடலைக் கெடுத்து மூன்றாண்டு முடியும் முன்னே ஊர் திரும்பியவர்களுக்கு முழுத் தொகை கிடைக்கவில்லை என்ற புகார்கள் நிறைய வந்தன. தொழிலாளர் அமைப்புகளும் நீதிமன்றங்களும் தலையிட்ட பிறகு அந்தப் பெயர்கள் விளம்பரங்களிலிருந்து மறைந்தன. விடுதி முறை மறையவில்லை. இன்று அதே விடுதிகளுக்கு ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அந்தப் பெண்களுக்கு நியாயம் செய்தவர்கள் ஆக மாட்டோம். மில்லில் வேலை செய்து திரும்பிய பலர், முதன்முதலாகத் தன் பெயரில் வங்கிக் கணக்கு, தன் வயதுத் தோழிகள், அண்ணனைக் கேட்காமல் வாங்கிய ஒரு சுடிதார் ஆகியவற்றை அங்கேதான் பெற்றதாகச் சொல்வார்கள். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே மின்னணுத் தொழிற்சாலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாட்டால் தோழிகள் நோயுற்றபோது, சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். வீட்டிலிருந்து விடுதிக்கு மாற்றப்பட்ட பிள்ளைகளாகவே அவர்களை எல்லோரும் எண்ணியிருந்தார்கள். அந்த இரவில் அவர்கள் ஆளானார்கள் என்று சொன்னால், இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் கிடைக்கும்.

உயர்கல்வி இந்த இடைவெளிகளைக் குறைத்துவிடவில்லையா?

பெருமளவு குறைத்திருக்கிறது. 2021-22 ஆம் ஆண்டின் அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம், அதாவது 18 முதல் 23 வயதினரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்ட உயர்கல்வி மாணவர் எண்ணிக்கை, 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4. தொழிற்கல்வி நுழைவுத் தேர்வு 2006 இல் சட்டத்தால் நீக்கப்பட்டது, 2010 இல் தொடங்கிய முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020 இல் வந்த 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு என ஒவ்வொன்றும் ஒரு பகுதியினருக்குக் கதவைத் திறந்தது.

பெண்கள் விஷயத்தில் அரசின் மனம் மாறிய வழியை ஒரே திட்டத்தின் வரலாற்றில் காணலாம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989 இல் தொடங்கியது திருமண உதவித் திட்டம். குறிப்பிட்ட வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணுக்குக் கல்யாணத்துக்குப் பணம், பிற்காலத்தில் தாலிக்குத் தங்கம். அதே பெயரில் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. மாணவருக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. ஆயிரம் ரூபாய் பெரிய தொகை இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. தன் கணக்கில் விழும் ஆயிரத்துக்கும் அப்பாவிடம் கேட்டு வாங்கும் ஆயிரத்துக்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

முதல் பட்டதாரிச் சலுகையில் உள்ள ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். ஒரு குடும்பத்தில் அது ஒருவருக்குத்தான். வட்டாட்சியர் அலுவலகத்தில் அந்தச் சான்றிதழை யார் பெயரில் வாங்குவது என்று வீட்டில் நடக்கும் பேச்சில், அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவே யாருடைய எதிர்காலத்தின் மீது பணம் கட்டுவது என்பது முடிவாகிவிடுகிறது.

கல்லூரி தருவது பட்டம் மட்டுமன்று. மூன்று நான்கு ஆண்டுக் கால அவகாசம். அந்த அவகாசம் முடிந்ததும் வேலை கிடைக்காவிட்டால், பட்டதாரிப் பெண்ணுக்குக் கூடுதல் பவுனும் பட்டதாரிப் பையனுக்குக் கூடுதல் அவமானமும் மிஞ்சுகின்றன.

வளரும் வயதில் சாதி எப்போது தன் முகத்தைக் காட்டுகிறது?

பெரியவர்கள் நினைப்பதைவிட முன்னதாகவே. தென் மாவட்டப் பள்ளிகளில் மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறம் ஒரு பையனின் சாதியைச் சொல்கிறது. பதின்மூன்று வயதில் நட்பு வட்டம் அந்த நிறத்தின்படி அமைகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும், உடன் படித்த மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதையடுத்து ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் அமைக்கப்பட்ட ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. பள்ளிப் பெயர்களில் உள்ள சாதியை நீக்குவது, வண்ணக் கயிறுகளையும் சாதிக் குறியீடுகளையும் தடை செய்வது ஆகியவை அதன் பரிந்துரைகளில் அடங்கும். நன்றாகப் படித்ததும் ஆசிரியரால் பாராட்டப்பட்டதுமே ஒருவனுக்கு ஆபத்தாகும் என்றால், அந்தப் பள்ளியில் வளர்வது என்பதற்கு இரு தரப்பு மாணவர்களும் என்ன பொருள் கற்றுக்கொள்வார்கள் என்று யோசிக்க வேண்டும். கயிற்றை அறுப்பது எளிது. கட்டிவிட்டது பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்களோ தெரு அண்ணன்மார்களோ என்பதால், கத்தரிக்கோல் பள்ளி வாசலோடு நின்றுவிடுகிறது.

அடுத்த முறை சாதி வருவது திருமணத்தில். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே, சாதி மறுத்து மணந்த தலித் பொறியியல் மாணவர் பட்டப்பகலில் கொல்லப்பட்டார். மனைவி காயங்களோடு பிழைத்தார். இருவரும் சட்டப்படி வயது வந்தவர்கள். வயது வந்த இருவர் மணமுடிக்க முடிவு செய்தால் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. எனினும் காவல் நிலையத்தில் தஞ்சம் புகும் இணையரிடம் முதலில் கேட்கப்படுவது 'உங்க அப்பா அம்மாவுக்குத் தெரியுமா?' என்பதுதான். எல்லா உரிமையும் பெற்ற இருபத்து மூன்று வயதுப் பெண், அந்த ஒரு கேள்வியில் மீண்டும் மைனர் ஆகிவிடுகிறார்.

18 நிறையாத இருவர் காதலித்தால்?

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012 இல் வந்த போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்டவரின் சம்மதத்தைச் சம்மதமாகவே கொள்வதில்லை. குழந்தைகளைக் கொடுமையிலிருந்து காக்க அந்தக் கண்டிப்பு தேவை. ஆனால் பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் ஊரைவிட்டுப் போனால், பெண் வீட்டார் கொடுக்கும் புகாரில் அதே சட்டம் பாய்கிறது. பையன் கீழ்ச்சாதி என்று கருதப்படுபவனாக இருந்தால் இன்னும் வேகமாகப் பாய்கிறது. பதின்வயதினரின் காதல் உறவுகளைக் குற்றமாக்குவது அந்தச் சட்டத்தின் நோக்கம் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் ஒரு வழக்கை ரத்து செய்தபோது கூறியது. சட்டம் மாறவில்லை. ஆகவே இளையவர்கள் அதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சொந்த முடிவு எடுக்க வேண்டுமானால் ஓர் இளைஞரிடம் என்ன இருக்க வேண்டும்?

முதலில் அவருடைய காகிதங்கள். மதிப்பெண் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் அப்பாவின் பீரோவில் இருக்கும் வரை, வேலைக்கு விண்ணப்பிப்பதோ ஊர் மாறுவதோ அவர் கையில் இல்லை. கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 இல் அறிவித்திருக்கிறது. வீடுகளுக்கு அப்படி ஓர் ஆணை யாரும் போட முடியாது. மகளுக்கு 18 நிறையும் நாளில் புடவை வாங்கித் தருவதோடு அந்தக் கோப்பையும் அவள் கையில் கொடுக்கும் பெற்றோரை எனக்குத் தெரியும். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும், கொடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது சொத்து. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே சம உரிமை தரும் சட்டத்தைத் தமிழ்நாடு 1989 இலேயே, அதுவரை மணமாகாத மகள்களுக்கு, கொண்டுவந்தது. நாடு முழுவதற்கும் அது 2005 இல் வந்தது. நடைமுறையில் கல்யாணமான சில ஆண்டுகளில் அண்ணன் கார் அனுப்பி அழைப்பார். சார்பதிவாளர் அலுவலகத்தில் தங்கை ஒரு பத்திரத்தில் கையெழுத்திடுவார். அதற்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். தன் பங்கிலிருந்து தன்னையே விடுவித்துக்கொள்ளும் அந்தக் கையெழுத்துத்தான், பல பெண்கள் வளர்ந்தவர் என்ற முறையில் அரசு அலுவலகத்தில் இடும் முதல் பெரிய கையெழுத்து. போடாவிட்டால் பிறந்த வீட்டு வாசல் மூடிவிடும் என்ற பயம் பொய்யான பயம் அல்ல. அதனால் அவர்களைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை.

திருநங்கையரும் திருநம்பியரும் இந்தப் பருவத்தை எப்படிக் கடக்கிறார்கள்?

மற்றவர்களைக் குடும்பம் மெல்ல விலகிப் போக விடும் வயதில், இவர்களில் பலரைக் குடும்பம் ஒரே நாளில் வெளியே தள்ளிவிடுகிறது. பள்ளியில் கேலி தாங்காமல் பதினைந்து, பதினாறு வயதில் வீட்டை விட்டுப் போகிறவர்களுக்கு திருநங்கையர் சேர்ந்து வாழும் ஜமாத் என்ற இன்னொரு குடும்பம் அம்மாவையும் அக்காவையும் கொடுக்கிறது, கூடவே கடமைகளையும் கட்டுப்பாட்டையும் கொடுக்கிறது. நிர்வாணம் என்று அழைக்கப்படும் பாலின மாற்று அறுவைக்குப் பின் நாற்பதாம் நாளில் மஞ்சள் பூசி நீராட்டிச் சேலை கட்டிக் கொண்டாடும் வழக்கத்தைப் பார்க்கும்போது, பெண்ணுக்கு உள்ள சடங்கைத் தாங்களும் கேட்டுப் பெற்றிருக்கிறார்கள் என்று தோன்றும். எந்தச் சிறுமி கூச்சத்தோடு அமர்ந்தாளோ, அதே சடங்கில் இவர்கள் பெருமையோடு அமர்கிறார்கள்.

தமிழ்நாடு 2008 இல் நாட்டிலேயே முதலாவதாகத் திருநங்கையர் நல வாரியத்தை அமைத்தது. ஒருவரின் பாலினத்தை அவரே அறிவித்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 இல் தீர்ப்பளித்தது. இந்துத் திருமணச் சட்டத்தில் உள்ள 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. திருநம்பியர் நிலை வேறு. பெண் பிள்ளையாக வளர்க்கப்பட்டவர் வீட்டைவிட்டு வெளியேறுவதே கடினம் என்பதாலும், அவர்களுக்கு ஜமாத்தைப் போன்ற பழைய அடைக்கலம் இல்லை என்பதாலும், அவர்களைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு.

குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவர்களுக்கும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் 18 வயது என்ன தருகிறது?

இல்லத்தில் வளர்ந்தவருக்கு அது வெளியேறும் நாள். 21 வயது வரை பின்பராமரிப்பு உண்டு என்று இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. கேட்டுப் பெறத் தெரிந்தவருக்கு அது பயன்படும். அறிவுசார் குறைபாடு உள்ளவரின் பெற்றோருக்கு நேர்மாறான சிக்கல்: பிள்ளைக்கு 18 நிறைந்ததும் இயல்பான காப்பாளர் என்ற அவர்களுடைய சட்ட நிலை முடிந்துவிடும். 1999 ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் குழுவிடம் சட்டக் காப்பாளர் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

18 நிறைந்தும் எதுவுமே மாறாதவர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. அங்கே பிறந்து, இங்குள்ள அரசுப் பள்ளியில் படித்து, இங்குள்ள கல்லூரியில் பட்டம் பெற்றவர்களுக்கு வாக்கில்லை, இந்தியக் கடவுச்சீட்டில்லை, அரசுத் தேர்வில் இடமில்லை. 1987 ஜூலை 1 க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் குடிமக்களாக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் பிறந்தவருக்கு விதி இன்னும் இறுகியது. முகாம்களில் இப்போது இளமையில் இருப்பவர்கள் அநேகமாக எல்லோரும் அந்தத் தேதிகளுக்குப் பிந்தியவர்கள். அவர்களோடு பன்னிரண்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் விரலில் மையோடு படம் எடுத்துப் போடும் நாளில், அவர்களுக்கு முகாமில் ஆள்கணக்கு எடுக்கும் வரிசை இருக்கிறது.

1986 இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், அந்தத் தேதியின் பலத்தில், இந்தியக் கடவுச்சீட்டுக் கேட்டு மதுரைக் கிளைக்குப் போனார். 2022 இல் அவருக்குச் சாதகமாக ஆணை வந்தது. 2024 ஏப்ரலில் நடந்த மக்களவைத் தேர்தலில், திருச்சியில், தம் 38 ஆம் வயதில் அவர் முதல் முறையாக வாக்களித்தார்.